செல் என்னும் காலி அறை

சிறையில் ஒரு செல், டார்ச் லைட்டில் ஒரு செல், விரிதாளில் ஒரு செல், கையில் ஒரு செல், உடம்புக்குள் பல லட்சம் கோடி செல்கள். ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஒரே சொல்தான். எல்லாவற்றுக்கும் மூலம் ஓர் அறை.

லத்தீனில் 'செல்லா' என்றால் சிறிய அறை, பொருள்களைப் போட்டு வைக்கும் அறை. மறைப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வினைச்சொல்லும் இதன் உறவுதான். துறவிகள் தனித்தனியே தங்கிய மடத்து அறைகளுக்கு இந்தப் பெயர் வழங்கியது. கைதியின் அறைக்கு அந்தப் பெயர் வந்தது அதன் பிறகுதான்.

உயிரியலுக்குள் அதைக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக். 1665இல் ஒரு தக்கையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தேனடை மாதிரி குட்டிக் குட்டி அறைகள் தெரிந்தன. ஒரு கன அங்குலத் தக்கையில் 120 கோடிக்கு மேல் இருக்கும் என்று கணக்கும் போட்டார். வேடிக்கை என்னவென்றால், அவர் பார்த்தது உயிரை அல்ல. தக்கை என்பது மரப்பட்டையின் செத்த பகுதி. உள்ளே இருந்ததெல்லாம் போய்ச் சுவர்கள் மட்டும் நின்றன. குடியிருந்தவர் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்கு வைத்த பெயர் அது. ஜெர்மானிய அறிஞர்களான ஷ்லைடன் 1838இல் தாவரங்களும், ஷ்வான் 1839இல் விலங்குகளும் செல்களால் ஆனவை என்று சொன்னபோது பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. விலங்குச் செல்லுக்குச் சுவரே கிடையாது, வெறும் சவ்வுதான். இருந்தும் அதுவும் அறைதான்!

சரி, தமிழில் என்ன சொல்வது? 'உயிரணு' என்ற சொல் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் இரண்டு தயக்கம். ஒன்று, அணு என்றால் மிகச் சிறியது என்று மனம் எடுத்துக்கொள்ளும். ஒரு மனிதச் செல்லுக்குள் இருப்பதோ ஏறத்தாழ கோடி கோடி அணுக்கள். இரண்டு, பேச்சு வழக்கில் பலருக்கு உயிரணு என்றால் விந்தணுதான். 'கண்ணறை' ஹூக்கின் கண்ணுக்கு மிக நெருக்கமானது. துளை, அறை இரண்டும் அதில் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் 'கலம்'. என் வாக்கு இதற்குத்தான். மரக்கலம், உண்கலம், விண்கலம் எல்லாம் எதையாவது தாங்கிச் செல்பவை அல்லது உள்ளே வைத்திருப்பவை. ஹூக்கின் சொல் காலி அறையைக் காட்டுகிறது. கலமோ உள்ளே ஏதோ இருக்கிறது என்கிறது. உயிரியலுக்கு அதுதானே பொருத்தம்!

அதே கலம் மின்சாரத்திலும் பிசகாமல் உட்காருகிறது. தொடக்ககால மின்கல அடுக்குகளில் ஒன்று, மரப்பெட்டிக்குள் செம்பு, துத்தநாகத் தகடுகளை வரிசையாகச் செருகி, நடுவே விழுந்த தடுப்புகளில் அமிலநீர் ஊற்றிச் செய்தது. ஒவ்வொரு தடுப்பும் ஒரு செல். பல செல்கள் சேர்ந்தால்தான் பேட்டரி. கண்டிப்பாகப் பார்த்தால் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி வெறும் செல். 9 வோல்ட் பெட்டிக்குள் அப்படி ஆறு இருப்பதால் அது உண்மையான பேட்டரி.

கைபேசிக்கு வரும்போதுதான் கலம் தடுமாறுகிறது. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒரு யோசனை எழுதப்பட்டது: நிலப்பரப்பை அறுகோணக் கட்டங்களாக, அதாவது செல்களாக, பிரிக்கலாம், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு வேறு வேறு அலைவரிசை கொடுக்கலாம், கொஞ்சம் தள்ளியிருக்கும் கட்டத்தில் பழைய அலைவரிசையையே திரும்பப் பயன்படுத்தலாம். குறைந்த அலைவரிசைகளை வைத்துக்கொண்டு நிறையப் பேர் பேச முடிவது இப்படித்தான். இடைவெளி விடாமல் பரப்பை நிரப்ப அறுகோணம் வசதி; ஹூக்கின் தேனடை மறுபடி வந்துவிட்டது. நாம் நகர்ந்தால் ஒரு கட்டம் அடுத்த கட்டத்திடம் நம்மை ஒப்படைத்துவிடும், பேச்சு அறுவதில்லை.

இந்த அறைக்கதை தெரியாத தமிழ்க் காதுக்குச் 'செல்பேசி' என்றால் செல்லும்போதே பேசுவது. சொற்பிறப்பு தப்புதான். ஆனால் கருவி செய்வது அதைத்தான்.