தாலுகா ஆபீஸ் மனுவால் நிலத்தின் உரிமை முடிவாகாது

மஞ்சள் பை நிறைய மனு நகல்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார் ஒரு பெரியவர். இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் அவர் முதல் ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவருடைய அப்பா 1974-இல் கிரயம் பெற்ற புஞ்சை அது. 1980-களில் நிலக் கணக்குகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டம் வந்தபோது பட்டா பக்கத்து நிலத்துக்காரர் பேரில் ஏறிவிட்டது. இவர்களே உழுதுகொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டு வாரிசுகள் பட்டாவைக் காட்டி நிலத்தை விற்றார்கள். வாங்கியவர் கல் ஊன்ற வந்தார். இவர் தாசில்தாரிடம் மனு கொடுத்தார், ஆர்.டி.ஓ.விடம் கொடுத்தார், கலெக்டர் குறைதீர் நாளிலும் கொடுத்தார். பிறகு ‘ஸ்டே வாங்கினால் போதும்’ என்று யாரோ சொல்ல, வெறும் உறுத்துக்கட்டளை, அதாவது தடை உத்தரவு மட்டும் கேட்டு வழக்குப் போட்டார். அது தள்ளுபடி. இதற்குள் அங்கே கம்பி வேலியே போட்டாகிவிட்டது.

எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம் இதுதான்: பட்டா உரிமைப் பத்திரம் இல்லை. நிலவரி யாரிடம் வாங்குவது என்று அரசு வைத்திருக்கும் கணக்கு அது. இல்லாத உரிமையை அது தராது, இருக்கிற உரிமையைப் பறிக்கவும் பறிக்காது. அனுபவத்துக்கு, அதாவது நிலம் யார் கையில் இருக்கிறது என்பதற்கு, ஒரு சான்றாகக் காட்டலாம், அவ்வளவே. உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டமே, பட்டாப் பதிவால் உரிமை பாதிக்கப்பட்டவர் தன் உரிமையைக் கோர்ட் அறிவிக்கக் கேட்டு விளம்புகை வழக்குப் போடலாம் என்று 14-ஆம் பிரிவில் வழிவிட்டிருக்கிறது. ஆனால் பட்டா உள்ளவர் அதை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு, கோர்ட் சம்மனைக்கூட மதிக்காமல் இருக்கிறார். பட்டா இல்லாதவர் நிலமே போய்விட்டதென்று நொறுங்கிப்போகிறார். இரண்டு பேரும் தவறு செய்கிறார்கள்.

‘ரிஜிஸ்டர் ஆகிவிட்டதே’ என்பதும் இதே ரகம்தான். விற்பவருக்குப் பாத்தியதை உண்டா என்று தீர்மானிப்பது சார்பதிவாளர் வேலை இல்லை. மூலப்பத்திரம் காட்டினால்தான் பதிவு என்ற தமிழ்நாடு பதிவு விதிகளின் 55-ஏ விதியை உச்ச நீதிமன்றம் 2025-இல் செல்லாது என்றது. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய 2022-இல் பதிவுச் சட்டத்தில் கொண்டுவந்த 77-ஏ பிரிவையும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் ரத்து செய்துவிட்டது. உரிமை யாருக்கு என்ற சண்டை வந்தால் போக வேண்டிய இடம் சிவில் கோர்ட்தான்.

அங்கே கேட்க வேண்டியது, ‘இந்தச் சொத்து என்னுடையது என்று விளம்புகை செய்க’ என்ற பரிகாரம். ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 34-ஆம் பிரிவு. அனுபவம் கையில் இருந்தால் கூடவே உறுத்துக்கட்டளை கேளுங்கள். கைவிட்டுப் போயிருந்தால் சுவாதீனத்தை, அதாவது நிலத்தைத் திரும்பக் கையில் ஒப்படைக்கும்படி, கேட்டே ஆக வேண்டும். கேட்கக்கூடியதைக் கேட்காமல் விட்டால் விளம்புகையும் கிடைக்காது. எதிராளி உங்கள் உரிமையையே மறுத்து, அதில் உண்மையான தகராறு எழுந்த பிறகு வெறும் உறுத்துக்கட்டளை வழக்கு போதாது என்பது 2008-இல் உச்ச நீதிமன்றத்தின் அனதுல சுதாகர் வழக்குத் தீர்ப்பிலேயே தெளிவாகிவிட்டது. இன்னும் ஏன் இப்படியே போடுகிறார்கள்? கோர்ட் ஃபீஸுக்காகத்தான். விளம்புகையோடு உறுத்துக்கட்டளை கேட்டால் சந்தை மதிப்பில் பாதித் தொகைக்கும், சுவாதீனம் கேட்டால் முழு மதிப்புக்கும் கட்ட வேண்டும். 2017-இல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைத்த பிறகும் அதை மிச்சம் பிடிக்கப் பார்த்து, ஆண்டுக்கணக்கில் வழக்காடி நிலத்தை விடுகிறார்கள்.

காலக்கெடு அதைவிட முக்கியம். விளம்புகைக்கு, வழக்குப் போடும் உரிமை முதலில் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. உரிமையின் பேரில் சுவாதீனம் கேட்க, எதிராளியின் அனுபவம் உங்களுக்கு விரோதமாக மாறிய நாளிலிருந்து 12 ஆண்டு. பெரியவரின் நிலத்தில் வேலி போட்டு 12 ஆண்டு ஆகாததால் இன்னும் வழி இருக்கிறது. தாலுகா ஆபீஸில் மனு நிலுவையில் இருப்பதால் இந்தக் கணக்கு நிற்காது. தயவுசெய்து இதை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

வழக்கில் எதிராளியின் பத்திரத்தில் ஓட்டை இருப்பதைக் காட்டி ஜெயிக்க முடியாது. வாதி தன் பத்திரத்தின் பலத்தில்தான் நிற்க வேண்டும். எனவே தாய்ப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சியாக எல்லாம் வேண்டும். பழைய சர்வே எண் எந்தப் புது எண்ணாக மாறியது, நான்கெல்லை பொருந்துகிறதா என்பதை வழக்குக்கு முன்பே பாருங்கள். இல்லாவிட்டால், வரப்பு மாறியிருந்தால் கோர்ட் அனுப்பும் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளக்கும்போதுதான் முழிப்பீர்கள்.

நிலம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: கோர்ட்டில் நடக்கும் வழக்கு பெரும்பாலும் வில்லங்கச் சான்றில் தெரியாது. வழக்கு நடக்கும்போது வாங்கினால், வரும் தீர்ப்பு உங்களையும் கட்டும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதில் கொடுங்கள். அது வந்த கவரையும் கிழித்துப் போடாமல் கொண்டுவாருங்கள். எதிராளி உரிமையை மறுத்தது உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று காட்ட அதிலுள்ள தபால் முத்திரைத் தேதி வேண்டும்.