கடல் தாண்டிய பணத்தையும் பிடிக்கலாம். ஆனால் இன்றே சொல்லவேண்டும்

2024 ஜூலை 15ஆம் தேதி, சிங்கப்பூரில் ஒரு சரக்கு வணிக நிறுவனத்துக்கு மின்னஞ்சல் வந்தது. வழக்கமான சப்ளையர் அனுப்பியதுபோலவே இருந்தது. பணத்தை மட்டும் திமோர்-லெஸ்டே நாட்டில் உள்ள புதிய கணக்குக்குப் போடச் சொன்னது. 19ஆம் தேதி 42.3 மில்லியன் அமெரிக்க டாலர் போய்விட்டது. உண்மையான சப்ளையர் பணம் கேட்ட பிறகுதான், 23ஆம் தேதி, குட்டு வெளிப்பட்டது. புகார் வந்ததும் சிங்கப்பூர்க் காவல்துறை நாடு தாண்டிய மோசடிப் பணத்தை நிறுத்த இண்டர்போல் வைத்திருக்கும் ஐ-கிரிப் ஏற்பாட்டின் வழியாகத் திமோர்-லெஸ்டே அதிகாரிகளைத் தொடர்புகொண்டது. 25ஆம் தேதி 39 மில்லியன் டாலர் முடக்கப்பட்டது. அப்புறம் அங்கே ஏழு பேர் கைதானார்கள். மேலும் 2 மில்லியனுக்குமேல் மீண்டது.

சிறு நிறுவனங்களுக்கு இணையப் பாதுகாப்பு பார்ப்பது என் தொழில். இந்த வழக்கைப் போகிற இடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் இது அதிர்ஷ்டமும் சேர்ந்த கதை. அத்தனை நாள் பணம் அசையாமல் கிடப்பது அபூர்வம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் பல கணக்குகளுக்குப் பிரிந்து, கிரிப்டோவாக மாறிவிடும்.

நாடுகளுக்கிடையே உடன்படிக்கைகள் இல்லாமலில்லை. இணையக் குற்றங்களுக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கை 2001இல் வந்தது. ஐநாவின் இணையக் குற்ற உடன்படிக்கை 2024 டிசம்பரில் ஏற்கப்பட்டு, 2025 அக்டோபரில் ஹனோயில் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. ஆதாரம் பெறவும் குற்றவாளியை ஒப்படைக்கவும் இவை தேவைதான். ஆனால் அந்த வழியில் கடிதம் போய் வர மாதக்கணக்காகும். பணம் காத்திருக்காது.

பணத்தைத் துரத்துவது வேறு பாதை: ஒரு நாட்டுப் போலீஸ் இன்னொரு நாட்டுப் போலீசுக்கு நேரடியாகச் சொல்வது. ஐ-கிரிப் 2022இல் தொடங்கியது இதற்காகத்தான். இங்கே சிங்கப்பூரில் மோசடித் தடுப்புப் பிரிவில் வங்கி ஊழியர்களே காவல்துறையோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். இவ்வளவும் இருந்தும், நீங்கள் சொல்லும்வரை எதுவும் நகராது.

தேக்காவில் மளிகை இறக்குமதி செய்யும் ஒருவர் என்னை அழைத்தது ஒரு திங்கட்கிழமை. சப்ளையருக்கு என்று அனுப்பிய பணத்தைப் பற்றி வெள்ளியன்றே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. "தம்பி, போலீசுக்குப் போனா பேர் கெட்டுடும், முதல்ல அவங்ககிட்டயே கேட்போம்னு நெனச்சேன்" என்றார். கேட்டது மோசடிக்காரனிடமே! "வங்கியில் தாமதம், திங்கள் வந்துவிடும்" என்று பணிவாகப் பதில் வந்திருந்தது. மின்னஞ்சல் முகவரியை உற்றுப் பார்த்தேன்: ஆங்கில எம் இருக்கவேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றன. கைப்பேசித் திரையில் யாருக்கும் தெரியாது.

சந்தேகம் வந்தால் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடாதீர்கள். முதலில் உங்கள் வங்கியின் மோசடிப் புகார் எண்ணுக்கு அழைத்து, பணத்தைத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். கையோடு போலீஸ் புகார். பணம் போன கணக்கு எண், அந்த வங்கியைக் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு, பரிவர்த்தனை எண், நேரம் எல்லாம் அதில் இருக்கட்டும். மோசடிதானா என்று குழப்பமென்றால் 1799 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். மின்னஞ்சலை அழிக்கவேண்டாம், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, எந்த வழியாக வந்தது என்ற விவரம் அசல் மின்னஞ்சலில்தான் இருக்கும்.