பளபளக்கும் தட்டு ஏன் சீறுகிறது?

வெள்ளவத்தை வீட்டு ஜன்னலோரம் நின்று இசைத்தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஆனால் ஊசியை வைத்தால், கடைசிப் பாட்டில் 'ஸ', 'ச' வரும் இடமெல்லாம் சீறியது. இணையத்தில் விற்றவர் 'விஜி பிளஸ்' (VG+, அதாவது 'வெரி குட் பிளஸ்') என்று தரம் போட்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்துத் தரம் போட்டிருக்கிறார், போட்டுக் கேட்கவில்லை.

இந்தத் தரப் பெயர்களைப் பரவலாக்கியது கோல்ட்மைன் என்ற அமெரிக்க இதழ். மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி, குட் என்று படி இறங்கும். தட்டுக்கு ஒரு தரம், உறைக்கு ஒரு தரம். விஜி பிளஸ் என்றால் பாட்டைக் கெடுக்காத இலேசான தடயங்கள் இருக்கலாம். விஜி என்றால் பாட்டின் சத்தம் தணியும் இடங்களில் இரைச்சல் கேட்கும். 'குட்' என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். தாவாமல் பாடி முடிக்கும், ஆனால் இரைச்சல் கூடவே வரும்.

கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. தட்டின் பள்ளம் தலைமுடி அளவு அகலம்தான். அதன் இரண்டு சரிந்த சுவர்களிலும் பாட்டு நெளிநெளியாக வெட்டப்பட்டிருக்கும். வெளிச்சம் காட்டும் கீறல் பெரும்பாலும் மேல்பரப்பில் இருப்பது. ஊசி உரசுவதோ உள்ளே சுவரில். ஊசியின் பாரம் 2 கிராம்தான் என்றாலும், அது தொடும் இடம் மிக மிகச் சிறியது என்பதால் அழுத்தம் பயங்கரமாக ஏறிவிடும். தேய்ந்த ஊசியாக இருந்தால் நுண்ணிய நெளிவுகளைச் செதுக்கி எடுத்துவிடும்.

சரி, ஏன் கடைசிப் பாட்டு? எல்பி, அதாவது பல பாட்டுகள் கொண்ட பெரிய வினைல் தட்டு, ஒரு சுற்றுச் சுற்ற 1.8 வினாடி. வெளிவிளிம்பில் அந்த நேரத்துக்குள் ஊசிக்கடியில் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்பக்கம் வந்தால் 40 சென்டிமீட்டர்கூட இல்லை. அதே 'ஸ' ஒலி பாதியை விடக் குறைந்த நீளத்துக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும். அதனால் தேய்மானம் முதலில் அங்கேதான் காதில் விழும்.

வாங்குமுன் விற்பவரிடம் படம் கேட்டால் நேர் மேலிருந்து எடுத்த படம் வேண்டாம். டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். நடுத்துளையைச் சுற்றியுள்ள லேபிளையும் கிட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். தட்டை வைக்கும்போது துளை தேடித் தடவிய நடுக்கம்பி, காகிதத்தில் மெல்லிய கோடுகளைப் போட்டிருக்கும். கோடுகள் நிறைய என்றால் தட்டு நிறையப் பாடியிருக்கிறது. எனக்கு இந்தச் சாட்சியில் நம்பிக்கை அதிகம். கீறலை நகத்தால் தடவச் சொல்வதும் நல்லது. நகத்தில் தட்டுப்படும் கீறல் குறுக்கே போனால் 1.8 வினாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்கும்.

கொழும்பில் இன்னும் இரண்டு கேள்விகள் வேண்டும். ஒன்று பூஞ்சணம். நம்முடைய ஈரக்காற்றில் காகித உறையிலும் விரல் எண்ணெயிலும் அது வளரும், படத்தில் வெறும் தூசி போலத் தெரியும். மற்றது வளைவு: வெயில் விழும் அலுமாரியில் சாய்த்து வைத்த வினைல் நெளிந்துவிடும். அப்புறம், நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய '78' தட்டுகளைச் சுத்தம் செய்ய ஸ்பிரிட் எடுக்கவே கூடாது. அவை அரக்கால் ஆனவை, ஸ்பிரிட்டில் கரைந்துபோகும்.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஓர் அண்ணாவிடம் ஒரு தட்டு விலை பேசினேன். "கடைசிப் பாட்டின்ர கடைசி ஒரு நிமிஷத்தை ஃபோனில பதிஞ்சு அனுப்புங்கோ அண்ணா" என்றேன். மின்விசிறிச் சத்தத்தோடு வந்தது பதிவு. அதற்கு நடுவிலும் பாடியவரின் 'ஸ' ஒவ்வொன்றும் சீறாமல் தெளிவாகக் கேட்டது. அன்று பின்னேரமே போய் வாங்கி வந்தேன்.