என்கிரேவிங்: பழைய பாம்புப் படங்களுக்குக் கீழ இருக்குற வார்த்தை

நிபோங் திபால்ல பரிசுக் கோப்பையில பேரு வெட்டுற கடையில கேட்டுப் பழகின வார்த்தைதான் என்கிரேவிங், ஆனா அதே வார்த்தைய 200 வருஷத்துக்கு முந்தின பாம்புப் படத்துக்குக் கீழ பாத்தா நிறைய பேரு கையால வரைஞ்ச ஓவியம்னு நெனச்சிடுறாங்க. அது வரைஞ்சது இல்ல, வெட்டினது.

செம்புத் தகட்ட வழவழன்னு தேச்சு பியூரின்ங்கிற சின்ன உளியால கோடு கோடா வெட்டுவாங்க, மைய பூசிட்டு மேல்பரப்ப துடைச்சிட்டா பள்ளத்துல மட்டும் மை நிக்கும், பால்மரத்துல வெட்டின கோட்டுல பால் நிக்குற மாதிரி. அது மேல ஈரத் தாள வச்சு ரெண்டு உருளைக்கு நடுவுல அழுத்தி இழுத்தா மை தாள்ல ஏறிடும். அச்சுல இடம் வலம் மாறிடும்ங்கிறதால தகட்டுல எல்லாத்தையும் திருப்பித்தான் வெட்டணும், கலர் பிறகு கையால தீட்டுறது. புத்தகத்துல படத்த பிளேட்னு சொல்றதும் இந்தத் தகட்டாலதான்.

வார்த்தை பிரெஞ்சு வழியா வந்தது, வேர் ஜெர்மானிய மொழியோடது, தோண்டுறதுன்னு அர்த்தம். புதைகுழிக்குச் சொல்ற கிரேவும் அதே வேர்தான்.

பாம்புக்கு இந்த முறை ரொம்பப் பொருத்தம், ஏன்னா அந்தக் காலத்துல உயிரினங்கள வகை பிரிச்ச சுவீடன் அறிஞர் லின்னேயஸ் வழியில வயித்துச் செதில், வால் செதில் எத்தனைன்னு எண்ணித்தான் பாம்ப வகை பிரிச்சாங்க, செதில் ஒவ்வொண்ணும் தெளிவா தெரியணும். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல் சோழமண்டலக் கரைப் பாம்புகளப் பத்தி 1796ல போட்ட புத்தகத்துல இருக்குறது இப்படிப்பட்ட படங்கதான். கண்ணாடி விரியனுக்கு இங்கிலீஷ்ல அவரு பேருதான், நம்ம மலேசியாவுல அந்தப் பாம்பு கிடையாது. நம்ம பக்கத்துப் பாம்புகளுக்கு பினாங்குல வேல பாத்த தியோடர் கேன்டர் 1847ல மலாயா தீபகற்ப ஊர்வன பட்டியல் போட்டாரு.

1830கள்ல படை அதிகாரி ஹார்ட்விக், விலங்கியல் அறிஞர் கிரே ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட இந்திய விலங்குப் படங்க வேற ஜாதி, அது கல்லுல எண்ணெய் மசியால வரைஞ்சு எடுத்த லித்தோகிராஃப். செம்புத் தகட்டுப் படத்துல தகட்டோட விளிம்பு தாள்ல அழுந்தின தடம் பெரும்பாலும் சுத்தி இருக்கும், கல்லச்சுல அப்படி இருக்காது.

தமிழுக்கு வருவோம். செதுக்கோவியம்னு சிலர் எழுதுறாங்க, எனக்கு அது பிடிக்கல, செதுக்குறதுன்னா வேண்டாதத எடுத்துட்டு உருவத்த மேல நிக்க வைக்கிறது, மரச்செதுக்குக்கு அது சரி. பள்ளமா கோடு போடுறதுக்கு பொறித்தல்தான் சரியான சொல்லு, கல்வெட்டுலயும் செப்பேட்டுலயும் பொறிச்சாங்கன்னுதான சொல்றோம். பொறிக்கு புள்ளின்னும் அர்த்தம் இருக்கு, தேவாரத்துல புள்ளி போட்ட பாம்ப பொறியரவம்னே பாடியிருக்காங்க, பாம்புப் படத்துக்கு இதவிட நல்ல சொல்லு எங்க கிடைக்கும்!

அதனால என்கிரேவிங் பொறிப்புப் படம், செம்புல எடுத்ததுன்னா செப்புப் பொறிப்பு, லித்தோகிராஃப் கல்லச்சுப் படம். கையால கலர் போட்டிருந்தா வண்ணம் தீட்டிய செப்புப் பொறிப்புன்னு எழுதுங்க.