கண் பரிசோதனைத் தேதி: மெசேஜ் வரும் என்று காத்திருக்காதீர்கள்

குழந்தையின் அடுத்த கண் பரிசோதனையை நினைவூட்டி, பெற்றோரின் செல்போனுக்கு மெசேஜ் அனுப்பும் ஏற்பாடு பல மருத்துவமனைகளில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். சீனாவின் குவாங்சோவில், கண்புரை உள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. மெசேஜ் பெற்றவர்கள் 91 சதவீதத் தேதிகளுக்கு வந்தார்கள், பெறாதவர்கள் 62 சதவீதத் தேதிகளுக்குத்தான் வந்தார்கள்.

ஆனால் மெசேஜ் யார் கைக்குப் போகிறது?

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் மகளுக்குச் சோம்பேறிக் கண், அதாவது ஒரு கண்ணில் பார்வை சரியாக வளராத நிலை. நல்ல கண்ணை மூடி ஒட்டுப் போடும் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. இரண்டு தேதிகள் தவறிப்போயின. மருத்துவமனையில் கேட்டதற்கு, "மெசேஜ் அனுப்பினோமே" என்றார்கள். பதிவில் இருந்தது வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவின் பழைய எண். 'குழந்தை வரவில்லை' என்று எழுதி, பெயரையும் நீக்கியிருந்தார்கள். நாலு வயதுப் பிள்ளை தானாகவா வரும்? மறுபடி முதலிலிருந்து பதிவு, மறுபடி வரிசை.

அதனால், குழந்தையை யார் அழைத்து வருகிறாரோ அவர் எண்ணைக் கொடுங்கள். எழுதியவரையே திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். எண் மாறினால் பதிவு கவுண்டரில் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், கண் பிரிவில் தனிப் பதிவேடு இருக்கலாம். "அங்கே கேளுங்கள், இங்கே கேளுங்கள்" என்று அலையவிட்டால், குழந்தையின் பதிவு எண்ணையும் புது செல்போன் எண்ணையும் ஒரு தாளில் எழுதி இரண்டு இடத்திலும் கொடுங்கள். வாங்கியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில், மருத்துவமனைக்குப் போகச் சொல்லிச் சீட்டு கொடுத்து அனுப்பினார்களா? மருத்துவமனையில் பதியும்வரை உங்கள் எண் அங்கே இருக்காது. மெசேஜுக்காகக் காத்திருந்து மாதங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட்டோடு நேராகப் போய்விடுங்கள்.

மெசேஜ் வராததால் தேதி ரத்தாகிவிடாது. மருத்துவமனைச் சீட்டில் ஒரு தேதி, மெசேஜில் வேறு தேதி என்றால் போன் செய்து கேளுங்கள். மெசேஜுக்குப் பதில் அனுப்பித் தேதியை மாற்றிவிட்டதாக நினைக்காதீர்கள், பெரும்பாலும் அதை யாரும் படிப்பதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே எண் என்றால், எந்தப் பிள்ளைக்கு என்பதையும் கேட்டுவிடுங்கள்.

தேதி தவறிவிட்டதா? திட்டுவார்களோ என்று தயங்காமல் மறுநாளே போங்கள். சோம்பேறிக் கண்ணுக்கு ஏழு வயதுக்குள் செய்யும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம். கவுண்டரில் மூன்று மாதம் தள்ளித் தேதி கொடுத்தால், சரி என்று திரும்பிவிடாதீர்கள். எத்தனை வாரத்தில் வரவேண்டும் என்று மருத்துவர் எழுதியிருப்பதைக் காட்டி, அதற்குள் ஒரு தேதி கேளுங்கள். இல்லை என்றால், அந்த மருத்துவரையே பார்க்க வேண்டும் என்று சொல்லி அங்கேயே நில்லுங்கள்.