உருவகமா, ஒப்பாக்கமா?

போன மாதம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஓர் அறிவியல் பேச்சு. "லேசரால் அணுக்களை வரிசையாக நிறுத்தி, பொருளின் இடவியல் நிலைகளை உருவகப்படுத்துகிறார்கள்" என்றார் பேச்சாளர். முன்வரிசையில் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி கை தூக்கினாள். "சார், உருவக அணியா சார்?" அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவள் கேட்டதில் தப்பே இல்லை.

பேச்சாளர் 'உருவகப்படுத்துதல்' என்றது ஆங்கிலத்தின் சிமுலேஷனை. அது லத்தீன் வழி வந்த சொல். 'சிமிலிஸ்' என்றால் 'போன்ற'. முதலில் பாசாங்கு என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் புழங்கியது. ஒன்றைப் போலவே இன்னொன்றை நடத்திப் பார்ப்பது என்ற இந்தப் பொருள் கணினி வந்தபிறகு. உவமைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'சிமிலி'யும் அதே வேர்தான்.

கவனியுங்கள், உவமை. உருவகம் இல்லை. 'தாமரை போன்ற முகம்' என்றால் முகம் வேறு, தாமரை வேறு. 'முகத்தாமரை' என்றால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். வேற்றுமையை ஒழிப்பதுதான் உருவகத்தின் இலக்கணம். நம் பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்கு இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். அதே சொல்லை அறிவியலில் வேறு வேலைக்கு வைத்தால் எப்படி? சிலர் 'பாவனை' என்கிறார்கள்; அது நடிப்பு. 'போலி' சொல்லவே வேண்டாம், கள்ள நோட்டுதான் நினைவுக்கு வரும்.

பேச்சாளர் சொன்ன மாதிரிச் சோதனையில் நடப்பது என்ன? 2021-இல் ஹார்வர்டு குழு 219 ருபிடியம் அணுக்களைப் பிடித்தது. ஓர் அணுவுக்கு ஒரு லேசர் இடுக்கி, அதாவது அணுவைப் பிடித்து வைக்கும் ஒளிக்கற்றை. ஜப்பானியர் 'ககோமே' என்பார்களே, கூடை முடையும்போது விழும் கண், அந்த அமைப்பின் கோடுகள்மேல் அணுக்களை நிறுத்தினார்கள். இன்னொரு லேசர் பட்டால் அணு கிளர்ச்சியடைந்து ஊதிப்போகும். ஒன்று ஊதினால் பக்கத்தில் இருப்பது ஊத முடியாது. இந்த ஒரு கட்டுப்பாட்டை வைத்தே, 1973-இல் இயற்பியலாளர் ஃபிலிப் ஆண்டர்சன் முன்மொழிந்த 'சுழற்சித் திரவம்' (ஸ்பின் லிக்விட்) என்ற நிலையின் அடையாளங்களைக் கண்டார்கள். திரவம் என்று பேர்தான், ஊற்றிப் பார்க்க முடியாது. அதன் ஒழுங்கு எந்த ஓர் அணுவைப் பார்த்தாலும் தெரியாது. மொத்தமாகப் பார்த்தால்தான் தெரியும். உளுந்து வடையை எவ்வளவு நசுக்கினாலும் பிய்க்காதவரை ஓட்டை ஒன்றுதான், அந்த மாதிரி. 'இடவியல்' என்பது இதைத்தான்.

பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் என்னை மடக்கினார். "தம்பி, அந்த அணுக்கள் உண்மையிலேயே அந்த நிலைக்குப் போகின்றன. அதுவே ஆகிவிட்டால் உருவகம்தானே?" நல்ல அடி. இரண்டு நாள் யோசித்தேன். நிலை ஒன்றாகவே இருக்கட்டும் சார், பொருள் ஒன்றில்லையே. படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் செய்யவேண்டியதை இங்கே வெற்றிடத்தில் தொங்கும் அணுக்கள் செய்கின்றன. அந்த வித்தியாசம் இருப்பதால்தான் இந்தச் சோதனைக்கே மதிப்பு.

என் சொல் 'ஒப்பாக்கம்'. வினை ஒப்பாக்கு, கருவி ஒப்பாக்கி. 'ஒப்ப' என்பது தொல்காப்பியர் பட்டியலிலேயே இருக்கும் உவம உருபு. "ஒப்பாரி மாதிரி இருக்கு" என்றார் அதே ஆசிரியர். இருக்கட்டும்.

இதையாவது வாதாடலாம். நேற்று கைப்பேசியில் வந்த ஒரு செய்தியில் 'பொருளின் இடவியல் மாநிலங்கள்' என்று இருந்தது. ஆங்கில 'ஸ்டேட்'டுக்கு நிலை, மாநிலம் இரண்டும் பொருள்; மொழிபெயர்த்தவர் ஒருமுறைகூடத் திரும்பிப் படிக்கவில்லை போல. பினாங்கு, கெடா, பெர்லிஸ், அப்புறம் சுழற்சித் திரவம்.