கொன்றை மரத்தை ஏன் திட்டுகிறாள்?

விடைத்தாள் திருத்துகிற நாட்களில் ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். “புலவர் இயற்கையை மிக அழகாக வருணித்துள்ளார். இப்பாடலில் தற்குறிப்பேற்ற அணி பயின்று வந்துள்ளது. ஆகவே நாம் இயற்கையைப் பேணிக் காக்க வேண்டும்.” கடலைப் பற்றிய பாட்டானாலும் நிலாவைப் பற்றிய பாட்டானாலும் பதில் இதுதான். பாட்டைப் படிக்காமலேயே எழுதிவிடக்கூடிய பதில். ஓரளவு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

மேல்நிலைப் பள்ளியில் இருபது வருடங்களாகத் தமிழ் நடத்துகிறேன். இந்தப் பதிலுக்காகப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாங்கள்தான் அப்படிப் பழக்கினோம். அணியின் பெயரைக் கண்டுபிடித்ததும் பாட்டு முடிந்துவிட்டதாக நினைக்க வைத்தோம். வீட்டில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிற அம்மா அப்பாவும், என் போன்ற ஆசிரியர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதற்காக ஒரே ஒரு சின்னப் பாட்டை எடுத்துக்கொள்கிறேன். குறுந்தொகையில் 66ஆவது பாட்டு. மொத்தம் ஐந்தே அடி.

மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை
கல்பிறங்கு அத்தம் சென்றோர் கூறிய
பருவம் வாரா அளவை நெரிதரக்
கொம்புசேர் கொடியிணர் ஊழ்த்த
வம்ப மாரியைக் கார்என மதித்தே.

முதல் தடவை புரியாவிட்டால் பரவாயில்லை. இரண்டு தடவை வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் இன்றைய தமிழில் சொல்லிப் பார்க்கலாம். “பெரிய அடிமரம் கொண்ட இந்தக் கொன்றை மரங்களுக்கு நிச்சயமாக அறிவே இல்லை. கல் குவிந்து கிடக்கிற வழியில் போனவர், திரும்பி வருவதாகச் சொன்ன காலம் இன்னும் வரவில்லை. அதற்குள், காலம் தப்பிப் பெய்த மழையைக் கார்கால மழை என்று நினைத்துக்கொண்டு, கொம்பெல்லாம் சரம் சரமாக நெருக்கிப் பூத்துவிட்டன.”

சூழ்நிலை இதுதான். கார்காலம் தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் தலைவன் போயிருக்கிறான். மழை பெய்கிறது, கொன்றை பூக்கிறது, ஆளைக் காணோம். தலைவி உடைந்துபோகிறாள். பக்கத்தில் இருக்கிற தோழி பேசுவதுதான் பாட்டு.

இதில் மரம் எந்த இடத்தில் மனிதராக மாறுகிறது? வகுப்பில் கேட்டால் முதலில் வரும் பதில், “மரம் பூத்தது மிஸ்” என்பதுதான். பூப்பது மரத்தின் வேலை. அதில் மனிதத்தனம் ஒன்றும் இல்லை. தேட வேண்டியவை இரண்டு சொற்கள். முதல் சொல் ‘மடவ’, கடைசிச் சொல் ‘மதித்தே’. அறிவில்லாமல் இருப்பதும், ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொள்வதும் மனம் உள்ளவர்கள் செய்கிற காரியம். முதல் சொல்லிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டு, மரம் செய்த தப்பு என்ன என்பதைக் கடைசிச் சொல் வரைக்கும் நிறுத்தி வைத்திருக்கிறார் புலவர். நடுவில் இருக்கிற அத்தனையும் அசல் மரம், அசல் பூ, அசல் மழை.

கரும்பலகையில் நான் ஒரு வேலை செய்வேன். ‘மதித்தே’ என்பதை அழித்துவிட்டு, “காலம் தப்பி மழை பெய்ததால் கொன்றை பூத்தது” என்று எழுதிப் போடுவேன். செய்தி அப்படியே இருக்கிறது. என்ன போயிற்று என்று கேட்பேன். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் யாராவது ஒருவர், “இப்போ யார் மேலயும் தப்பு இல்லை மிஸ்” என்பார்கள். அங்கேதான் பாட்டு திறக்கிறது. கொன்றைக்கு மனம் இருந்தால்தான் அதன் மேல் பழி போட முடியும். தோழிக்கு இப்போது பழி போட ஓர் ஆள் வேண்டும். கார்காலம் வந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால், சொன்ன சொல்லைத் தலைவன் காப்பாற்றவில்லை என்று ஆகிவிடும். அதைத் தலைவி தாங்க மாட்டாள். அதனால் குற்றத்தை அவன் தலையிலிருந்து இறக்கி, வாய் பேசாத ஒரு மரத்தின் தலையில் வைக்கிறாள்.

தற்குறிப்பேற்ற அணி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். இயல்பாக நடப்பதன் மேல் ‘தன் குறிப்பை’ ஏற்றிச் சொல்வது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் ‘வாரல்’, அதாவது ‘வராதீர்கள்’ என்று கை காட்டி மறிப்பதை இதற்கு எடுத்துக்காட்டாக எல்லாரும் படித்திருப்போம். அங்கே குறிப்பு, கதை சொல்கிற புலவருடையது. கொன்றைப் பாட்டில் அந்தத் ‘தன்’ யார்? புலவர் என்று எழுதினால் பாட்டு கைநழுவிவிடும். குறிப்பு தோழியுடையது. ஓர் அஃறிணைப் பொருள் பாட்டில் மனிதராகும்போது, அதை அப்படி ஆக்குகிறவர் யார், அவருக்கு அந்த நேரத்தில் என்ன தேவை என்று கேட்க வேண்டும். அணியின் பெயரைச் சொல்லித் தருவதில் தப்பில்லை. இந்தக் கேள்வியையும் சேர்த்துச் சொல்லித் தராததுதான் நாம் செய்யும் தவறு.

இதில் எனக்கே பாடமான ஒரு விஷயம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சித் தாள் ஒன்றில் ஒரு பையன் எழுதியிருந்தான்: “மரத்தின் மேல் தப்பே இல்லை. மழை பெய்தால் மரம் பூக்கத்தான் செய்யும்.” பாடக் குறிப்பில் அப்படி இல்லை என்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன். பாட்டை அவன் அளவுக்குக் கவனித்துப் படித்தவர்கள் அந்த வகுப்பில் இல்லை, நான் உட்பட. மரத்தின் மேல் தப்பில்லை என்பது தெரிந்தால்தான், தோழி அதைத் திட்டுவது வலிக்கும். பல வருடம் கழித்து இன்னொரு வகுப்பில் ஒரு பெண் எழுந்து, “அந்தத் தோழிக்கு உண்மை தெரியும்தானே மிஸ்?” என்று கேட்டபோதுதான் அந்தத் தாள் என் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணின் அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர். “அப்பா வரலேன்னா எங்கம்மா கம்பெனியைத்தான் திட்டுவாங்க. லீவு குடுக்கலேன்னு. அப்பாவை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. பருவத்தைக் கண்டு வருந்துகிற தலைவியிடம், இது அந்தப் பருவமே இல்லை என்று தோழி வற்புறுத்திச் சொல்வது பழைய அகப்பாட்டில், அதாவது காதல் பாட்டில், ஒரு துறையாகவே, வழக்கமான ஒரு சூழ்நிலையாகவே, இருக்கிறது. பெய்தது வம்ப மாரிதானா, அதாவது காலம் தப்பிய மழைதானா, உண்மையிலேயே கார் வந்துவிட்டதா என்பதற்குத் தோழியின் வாய்ச்சொல்லைத் தவிர இந்த ஐந்து அடியில் வேறு சாட்சி கிடையாது. சரம் சரமாகப் பூத்து நிற்கிற மரமோ வேறு மாதிரிச் சொல்கிறது. இப்போது ‘மன்ற’ என்ற சொல்லுக்குத் திரும்பிப் போங்கள். ‘நிச்சயமாக’ என்று பொருள். அவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கு வரும்?

‘மடவ’ என்பதையும் வெறும் வசவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அச்சம், மடம், நாணம் என்று வரிசையாகச் சொல்கிறோமே, அதே மடம்தான். கள்ளம் தெரியாமல், சொன்னதை நம்பிவிடுகிற மனசு. மழையை நம்பி மரம் பூத்தது. பூவை நம்பித் தலைவி வாடினாள். மரத்துக்குச் சொல்வது போல, “நீயும் இப்படி ஏமாறாதே” என்று தோழி இவளுக்கும் சொல்லிவிடுகிறாள். நேராகச் சொன்னால் புண்படும். மரத்தைப் பார்த்துச் சொன்னால் காதிலும் விழும், வலிக்கவும் செய்யாது. நம் வீடுகளில் பெரியவர்கள் இன்றைக்கும் இப்படித்தானே பேசுகிறார்கள்?

எப்படி வேண்டுமானாலும் பொருள் சொல்லிக்கொள்ளலாமா என்றால், அதற்கும் எல்லை உண்டு. “கல்பிறங்கு அத்தம் என்பது தலைவனின் கல் மனசைக் குறிக்கிறது” என்று ஒரு மாணவர் எழுதினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டோடு ஒட்ட வைத்துப் பார்த்தால் ஒட்டாது. பேசுகிறவள் அவனைக் காப்பாற்றப் பார்க்கிறாள். அவனுக்குக் கல் மனசு என்று அவளே ஏன் ஜாடை காட்டப் போகிறாள்? கல் நிறைந்த கடும் வழி என்றால், திரும்பி வரத் தாமதமாவதற்கு ஒரு காரணம் என்று வேண்டுமானால் சொல்லலாம். அது தோழியின் நோக்கத்தோடு போகும். இன்னொருவர் மஞ்சள் பூ மங்கலத்தைக் காட்டுகிறது என்றார். பாட்டில் மஞ்சள் என்ற சொல்லே இல்லை. நிறத்துக்கு ஒரு பொருள், பறவைக்கு ஒரு பொருள் என்று பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு பாட்டுக்குள் போனால் இப்படித்தான் ஆகும். நான் யாரையும் தப்பு என்று உட்கார வைப்பதில்லை. “எந்தச் சொல் உனக்கு அதைச் சொன்னது?” என்று மட்டும் கேட்பேன். சொல்லைக் காட்டினால் பேசுவோம்.

இன்னொரு கேள்வி ஏறக்குறைய எல்லா வருடமும் வரும். “கொன்றை வெயில் காலத்துல தானே மிஸ் பூக்கும்?” ஆமாம், சரக்கொன்றையைச் சித்திரை, வைகாசியில்தான் தெருவெல்லாம் பார்க்கிறோம். கேரளத்தில் விஷுக் கனிக்கு வைப்பதும் அந்தப் பூதான். இதைக் கேட்கிற பிள்ளை மரத்தைப் பார்க்கிற பிள்ளை. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் காத்திருப்பைப் பாடுகிற இந்த வகைப் பாட்டுக்கு முல்லைத் திணை என்று பெயர். அதற்குரிய பெரும்பொழுது, அதாவது பருவம், கார். ஆவணியும் புரட்டாசியும். முல்லைப் பாட்டுகளில் அந்தப் பருவத்தின் அடையாளமாகக் கொன்றை வருகிறது. பாட்டுக்குள் இருக்கிறவர்கள் நாள் கணக்குப் பார்க்கிற காலண்டர் அது. அதை ஒப்புக்கொண்டு உள்ளே போனால்தான் தலைவியின் பதற்றம் நமக்கு எட்டும்.

அதே குறுந்தொகையில் 21ஆவது பாட்டு ஓதலாந்தையார் பாடியது. சூழ்நிலை ஏறக்குறைய இதேதான். அங்கே பேசுகிறவள் தலைவி. பொன் நகை சூடிய பெண்களின் கூந்தல் போல, புதுக் கொன்றைப் பூவோடு காடு தெரிகிறது. “கானம் கார்எனக் கூறினும் யானோ தேறேன் அவர் பொய் வழங்கலரே” என்கிறாள். காடே வாய் திறந்து கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்ப மாட்டேன், அவர் பொய் சொல்லாதவர். இங்கே காட்டுக்கு வாய் முளைப்பது, அதன் பேச்சை அவள் மறுக்க வேண்டும் என்பதற்காக. ஒரு பக்கம் காட்டின் சாட்சி, இன்னொரு பக்கம் அவன் சொன்ன சொல். அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதைக் காட்டத்தான் காடு பேசுகிறது. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் படித்துக் காட்டினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் பிடிபடும். தொல்காப்பியம் ஞாயிறு, திங்கள், கடல், மரம், பறவை என்று அடுக்கி, இவை ‘சொல்லுந போலவும் கேட்குந போலவும்’ பாட்டில் வரலாம் என்கிறது. பேசுவது போலவும் வரலாம், கேட்பது போலவும் வரலாம். 21இல் காடு பேசுகிறது. 66இல் மரங்கள் வெறுமனே திட்டு வாங்குகின்றன.

எல்லா இயற்கையும் பாட்டில் மனிதராகிவிடும் என்று பிள்ளைகள் பழகிவிட்டால் அதுவும் ஆபத்து. அதனால் இவை முடிந்த கையோடு குறுந்தொகையிலேயே கபிலர் பாடிய 25ஆவது பாட்டை நடத்துவேன். தலைவன் தன்னோடு சேர்ந்த நாளில் அங்கே யாரும் இல்லை, அவன் இப்போது இல்லையென்று சாதித்தால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. அப்புறம் நினைவு வந்தவளாக, “தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு” என்கிறாள். ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு, அதாவது ஒரு நீர்ப்பறவை, நின்றது. அதன் கால் தினைத்தாள் போல மெலிந்து பசுமையாக இருந்ததாம். தினைப்புனத்திலேயே வளர்ந்த பெண்ணின் கண்ணுக்குத்தான் பறவைக் கால் தினைத்தாளாகத் தெரியும். அந்த நாளில் அவ்வளவு நுணுக்கமாக அவள் நினைவில் தங்கியது அந்தக் கால்தான். பக்கத்தில் வேறு யாராவது நின்றிருக்க மாட்டார்களா என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருப்பாள்.

போன வருடம் இதை நடத்தியபோது, குருகுக்கு வாய் இருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று கேட்டேன். முன் பெஞ்சுப் பிள்ளைகள் ஆளுக்கொரு வசனம் சொன்னார்கள். தலைவனைத் திட்டுகிற வசனம், தலைவிக்கு ஆறுதல் சொல்கிற வசனம். கடைசி வரிசையில் இருந்த பையன் கையைத் தூக்காமலேயே சொன்னான்: “அது மீனைத்தானே பார்த்துக்கிட்டு இருந்துச்சு மிஸ். இவங்களை எங்க பார்த்துச்சு?”